வள்ளம் எதுவும் காணப்படவில்லை

தொண்டைமானாற்றுப் பஞ்சலிங்கம் சொன்னதைக் கேட்டு நடக்கிற மனிதர். அவருக்கு வந்த வினையே அதுதான். வள்ளத்தின் பதிவைப் புதுப்பிக்க வருகிறவர்கள் செய்ய வேண்டியவை என்று கரையோரக் கலப் பதிவகம் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தது. பழைய அத்தாட்சிப் பத்திரத்தின் மூலப் பிரதியை ஒப்படைக்க வேண்டும். வள்ளத்தின் இரு பக்கமும் எழுதியிருக்கிற பழைய இலக்கத்தைச் சுரண்டி அழிக்க வேண்டும். அழித்த பிறகு படம் எடுத்துக்கொண்டு வர வேண்டும். மற்ற வள்ளக்காரர் எல்லாம் "பாப்பம், பாப்பம்" என்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், பஞ்சலிங்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பழைய கத்தியோடு குந்தியிருந்து இலக்கத்தைச் சுரண்டினார். மனைவி பூரணம் தேத்தண்ணியோடு வந்து நின்று பார்த்தாள்.

"எல்லாரும் செய்தாப்பிறகு செய்யுங்கோவன். உங்களுக்கென்ன அவதி?"

"கடைசி நாள் மட்டும் நிண்டு இழுபடேலாது. வாடை தொடங்க இன்னும் ரண்டு மாசம்தான் கிடக்கு. இப்ப முடிச்சால் நிம்மதியாத் தொழிலுக்குப் போகலாம்."

இலக்கம் இல்லாத வள்ளம் கடலில் இறங்க முடியாது. கரையில் கடலுக்குப் போக அனுமதித் துண்டு எழுதிக் கொடுப்பவர் மனிதனின் முகத்தைப் பார்க்கமாட்டார், வள்ளத்தின் இலக்கத்தைப் பத்திரத்தோடு ஒத்துப் பார்த்துத்தான் எழுதுவார். அந்தப் பதினெட்டு அடி ஃபைபர் வள்ளம் ஒன்றுதான் அந்த வீட்டில் உழைக்கிற சாமான். அது கரையில் கிடந்தால் வீட்டில் உலை ஏறாது. இது பஞ்சலிங்கத்துக்கும் தெரியும், பூரணத்துக்கும் தெரியும். தெரியாதது பதிவகத்துக்குத்தான்.

பதிவகம் உரும்பிராயில் இருந்தது. உரும்பிராயில் கடல் இல்லை. வாழை இருக்கிறது, மரவள்ளி இருக்கிறது, வெங்காயம் இருக்கிறது. சண்டைக் காலத்தில் கரைப்பக்கத்துக் கட்டடம் உடைந்தபோது தற்காலிகமாக ஒரு வாடகை வீட்டுக்கு வந்த அலுவலகம் அது. அந்தத் தற்காலிகத்துக்கு இப்போது கலியாணம் பேசி முடித்துப் பிள்ளையும் பெற்றிருக்கிற வயது. உள்ளே வேலை செய்கிறவர்களில் பலர் வள்ளத்தைக் கலண்டரில் பார்த்தவர்கள். அதை அவர்கள் குறையாக எடுக்கவில்லை. தூர நின்றால்தான் நடுநிலை வரும் என்று பணிப்பாளர் அருளம்பலம் ஒரு கூட்டத்தில் விளக்கியிருந்தார்.

பஞ்சலிங்கம் முதல்நாள் போனபோது அவரை மலைக்க வைத்தது அந்த இடத்தின் ஒழுங்கு. எல்லாவற்றிலும் பெயர் ஒட்டியிருந்தது. சுவரில் "சுவர்" என்றிருந்தது. யன்னலில் "யன்னல்" என்றிருந்தது. மேசையில் இருந்த தண்ணீர்ப் போத்தலின் கீழே ஒரு வட்டம் கீறி, "தண்ணீர்ப் போத்தல் இருக்குமிடம்" என்று எழுதியிருந்தார்கள். அலுவலகங்களுக்கு ஆண்டுதோறும் நடக்கிற நேர்த்தி விருதுப் போட்டிக்கான ஆயத்தம் அது. பெயர் ஒட்டாத பொருள் ஒன்று வளவுக்குள் நின்றால் ஒரு புள்ளி குறையும். தேவையில்லாத பொருள் ஒன்று நின்றால் இரண்டு புள்ளி.

கவுண்டரில் இருந்த பிள்ளைக்குத் தனுசியா என்று பெயர். அதுவும் அவளுடைய நெஞ்சில் ஒட்டியிருந்தது. பஞ்சலிங்கம் கொடுத்த அத்தாட்சிப் பத்திரத்தை வாங்கிப் பார்த்தாள், "இரத்து" என்று சீல் குத்தினாள், பக்கத்தில் இருந்த ஒரு மெசினுக்குள் விட்டாள். பத்திரம் மறுபக்கத்தால் இடியப்பமாக வந்தது. பிறகு கணினிப் பக்கம் திரும்பி, கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

"புதுசு, பிள்ளை?"

"கம்பியூட்டர் எழும்பினாத்தான் ஐயா புதுசு தரலாம். அது போன வெள்ளிக்கிழமை தொடக்கம் எழும்புதில்லை."

"அப்ப ஏன் பழசை வெட்டினனீங்கள்?"

"பழசை வெட்டுறது படிமுறை ஒண்டு. கம்பியூட்டர் படிமுறை ரண்டு. ஒண்டை நிப்பாட்டச் சொல்லி எங்களுக்கு ஆரும் எழுத்திலை தரேல்லை."

அவள் அதைத் திமிராகச் சொல்லவில்லை. வெட்கத்தோடுதான் சொன்னாள். பஞ்சலிங்கம் எட்டிப் பார்த்தார். கறுத்த திரையில் வெள்ளை ஆங்கில எழுத்து இரண்டு வரி நின்றது. இயங்குவதற்கு உள்ளே ஒன்றும் இல்லை, சீடியைப் போட்டுவிட்டு ஏதாவது ஒரு விசையை அழுத்து என்று அதற்குக் கருத்து. தனுசியா நாளுக்கு மூன்று விசை என்ற கணக்கில் அழுத்தி, என்ன நடந்தது என்று ஒரு கொப்பியில் எழுதி வந்தாள். ஒவ்வொன்றுக்கும் நேரே "மாற்றமில்லை" என்று எழுதிப் பணிப்பாளர் ஒப்பம் வைத்திருந்தார்.

நடந்தது இதுதான். போன ஆண்டுப் போட்டியில், கணினித் திரையில் கண்டபடி கோப்புகள் சிதறிக் கிடப்பதாகச் சொல்லி நடுவர்கள் இரண்டு புள்ளியை வெட்டிவிட்டார்கள். இந்த ஆண்டு அப்படி நடக்கக் கூடாது என்று பணிப்பாளர், "கணினியை முழுமையாகத் துப்பரவு செய்க" என்று எழுத்தில் கட்டளை கொடுத்தார். தனுசியாவைக் கணினித் துப்பரவுப் பயிற்சிக்கும் அனுப்பினார். பயிற்சி இரண்டு நாள். முதலாம் நாள் பாடம், ஹார்ட் டிஸ்க்கைப் போர்மட் செய்து உள்ளே இருப்பதை அழிப்பது. இரண்டாம் நாள் பாடம், அழித்ததற்குள் திரும்பவும் விண்டோஸைப் போட்டு இயங்கவைப்பது. இரண்டாம் நாளுக்கான ஒதுக்கீடு வரவில்லை. தனுசியா முதலாம் நாளில் நல்ல கெட்டிக்காரியாகச் சித்தியடைந்து, சான்றிதழோடு வந்து, படித்ததைப் பிசகில்லாமல் செய்து முடித்தாள்.

அந்தக் கணினிக்குள்தான் வடகரையில் உள்ள வள்ளங்கள் எல்லாம் இருந்தன. அதற்கு முந்திய ஆண்டு "கடதாசியற்ற அலுவலகம்" என்ற பிரிவில் புள்ளி எடுப்பதற்காகப் பேரேடுகளை எல்லாம் பழைய பேப்பர்காரனுக்கு நிறுத்துக் கொடுத்துவிட்டிருந்தார்கள்.

பணிப்பாளர் அருளம்பலம் பஞ்சலிங்கத்தைத் தன் அறைக்குள் கூப்பிட்டு இருத்தினார். மரியாதை தெரிந்த மனிதர். தேத்தண்ணியும் கொடுத்தார்.

"ஒரு கணினி தொடங்கவில்லை எண்டால் உலகம் என்ன சொல்லும்? பழுது எண்டு சொல்லும். நாங்கள் அப்பிடிப் பாக்கிறேல்லை. யோசிச்சுப் பாருங்கோ. அதுக்குள்ளை இப்ப ஒரு பிழையான தகவல்கூட இல்லை. இந்த மாகாணத்திலையே பிழையில்லாத தரவு வைச்சிருக்கிற ஒரே அலுவலகம் இதுதான்."

"என்ரை வள்ளத்தின்ரை இலக்கம், சேர்?"

"அதைத்தான் சொல்லுறன். உங்கடை வள்ளத்தைப் பற்றி ஒரு பிழையும் எங்களிட்டை இல்லை."

பஞ்சலிங்கம் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கிண்ணத்தைப் பார்த்தார். அதன் அடியில் "கிண்ணம்" என்று எழுதியிருந்தது.

கணினியை எழுப்புவதற்கு ஓர் ஆலோசனைக் குழு அமைத்தார்கள். அதில் பொதுமக்கள் பிரதிநிதி ஒருவர் இருக்க வேண்டும் என்று சுற்றறிக்கை சொன்னது. அலுவலகத்துக்கு அடிக்கடி வருகிற பொதுமகன் பஞ்சலிங்கம்தான் என்பதால் அவரைப் போட்டார்கள். அவர் மறுக்கவில்லை. குழுவில் இருந்தால் தன் வேலை கெதியாக நடக்கும் என்று நினைத்தார். கடலில் முப்பது ஆண்டு சுழியும் நீரோட்டமும் பார்த்த மனிதருக்குக் கந்தோரின் ஓட்டம் தெரியவில்லை, பாவம்.

முதலாம் கூட்டத்தில், கணினிக்கு மின்சாரம் போகிறதா என்று ஆராய்வதென்று தீர்மானித்தார்கள். திரையில் எழுத்து வருகிறதே, மின்சாரம் இல்லாமல் எழுத்து எப்படி வரும் என்று பஞ்சலிங்கம் கேட்டார். அவருடைய கருத்து நன்றியுடன் பதிவு செய்யப்பட்டது. இரண்டாம் கூட்டத்தில் வயரைக் கழற்றி மற்றப் பிளக்கில் போட்டார்கள். மற்றப் பிளக்கில் ஏற்கெனவே "மின்விசிறிக்கு மட்டும்" என்று ஒட்டியிருந்ததால், திரும்பவும் கழற்றிப் பழைய பிளக்கில் போட்டார்கள். மூன்றாம் கூட்டத்தில், கணினி தெற்குப் பார்த்து இருப்பதை ஒருவர் கண்டுபிடித்தார். நாலு பேர் பிடித்து மேசையோடு கிழக்குப் பார்க்கத் திருப்பினார்கள். கூட்டக் குறிப்பில் ஒவ்வொரு முறையும் "பொதுமக்கள் பிரதிநிதி திருப்தி தெரிவித்தார்" என்று முதலே எழுதியிருக்கும். அதன் கீழே பஞ்சலிங்கம் ஒப்பம் வைப்பார்.

முதலாம் கூட்டத்தில் அவருக்குக் கோபம் வந்தது. இரண்டாம் கூட்டத்துக் கோபம் பிந்தி வந்தது, பஸ் ஏறின பிறகு. மூன்றாம் கூட்டத்தில் வரவேயில்லை. கிறீம் கிறாக்கர் இரண்டைத் தின்றுவிட்டு, ஒன்றைப் பூரணத்துக்கென்று பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு வந்தார். வீட்டில் அரிசிப் பானையின் அடி தெரியத் தொடங்கியிருந்தது. கரையில் மற்ற வள்ளங்கள் பழைய இலக்கத்தோடு போய் மீனோடு வந்தன. அறிவித்தலைப் படிக்காதவர்கள் நல்லாகத்தான் இருந்தார்கள்.

"எனக்கு விளங்கேல்லை," என்றாள் பூரணம். "ஒரு மெசின் பழுதெண்டால் திருத்திறவனைக் கூப்பிடுறதுதானே. உங்கடை இஞ்சின் நிண்டால் நீங்கள் கூட்டம் வைக்கிறனீங்களே?"

மறுநாள் பஞ்சலிங்கம் சுன்னாகச் சந்திக்குப் போய், கணினி திருத்துகிற கடை வைத்திருக்கிற கொலின்ஸ் என்பவரைக் கையோடு கூட்டிக்கொண்டு பதிவகத்துக்கு வந்தார். கொலின்ஸ் நாற்பது வயது மனிதர், கதை குறைவு. திரையை ஒருமுறை பார்த்தார். இரண்டு விசையை அழுத்தினார். தனுசியா உடனே கொப்பியை எடுத்து, எந்த இரண்டு என்று கேட்டாள்.

"இதிலை பழுதொண்டும் இல்லை அண்ணை. ஹார்ட் டிஸ்க்கைப் போர்மட் அடிச்சிருக்கினம். அதோடை விண்டோசும் அழிஞ்சுபோச்சு. எழும்பிறதுக்கு உள்ளுக்கை ஆளில்லை. திரும்பப் போட்டால் எழும்பும். அரை மணித்தியால வேலை."

"என்ரை வள்ளம்?"

"அதையும் எடுக்கலாம். வீட்டுப் படலையிலை பேரைக் கழட்டின மாதிரித்தான், ஆக்கள் உள்ளுக்கைதான் இருப்பினம். ஆனால் ஒண்டு. பழசை எடுக்க முதல் அதுக்கு மேலை ஒண்டும் ஏத்தக் குடாது. விண்டோசும் போடக் குடாது, ஒரு படம்கூட ஏத்தக் குடாது. ஏத்தினால் ஏத்தின இடத்திலை இருந்தது அழிஞ்சுபோம். முதல் பழசை எடுப்பம், பிறகு மிச்சம்."

பஞ்சலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு மாதமாக யாரும் அவரிடம் விளங்குகிற மாதிரி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் ஓடிப்போய்ப் பணிப்பாளரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பணிப்பாளர் கொலின்ஸை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கள் பதிவு செய்யப்பட்ட வழங்குநரோ?"

"இல்லை சேர். கடை வைச்சிருக்கிறன்."

"அப்ப மூண்டு கடையிட்டை விலை கேட்கவேணும். அதிலை குறைஞ்சதைத்தான் எடுக்கலாம்."

"எனக்குக் காசு வேண்டாம் சேர். இந்த அண்ணைக்காகச் சும்மா செய்து தாறன்."

பணிப்பாளர் சிரித்தார். பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற சிரிப்பு.

"சும்மா செய்யிறதெண்டால் இன்னும் ரண்டு பேர் சும்மா செய்ய முன்வர வேணும், தம்பி. மூண்டு சும்மாவிலை எது குறைஞ்ச சும்மா எண்டு நாங்கள் ஒப்பிட்டுப் பாக்கவேணும். இல்லாட்டி நாளைக்குக் கணக்காய்வு வந்து, ஏன் உந்தச் சும்மாவை எடுத்தனீங்கள் எண்டு கேட்டால் நான் என்ன சொல்லுறது? நீங்கள் வழங்குநராப் பதிஞ்சுபோட்டு வாங்கோ. விண்ணப்பம் எங்கடை கம்பியூட்டரிலைதான் கிடக்கு."

கொலின்ஸ் பணிப்பாளரைப் பார்த்தார், கணினியைப் பார்த்தார், பிறகு பஞ்சலிங்கத்தின் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய் மோட்டார் சைக்கிளை உதைத்தார். தனுசியா மட்டும் அவர் சொன்னதை மறக்கவில்லை. "இக்கணினியில் எதுவும் ஏற்றக் கூடாது" என்று அழகான கையெழுத்தில் எழுதி, பிளாஸ்ரிக் உறை போட்டு, திரையின் நெற்றியில் ஒட்டினாள். பணிப்பாளர் அதைக் கண்டு மெச்சினார். அறிவித்தல்களுக்குத் தனியாகப் புள்ளி உண்டு.

அந்த அறிவித்தலை நம்பிப் பஞ்சலிங்கம் இன்னும் இரண்டு கிழமை உயிரைப் பிடித்துக்கொண்டு இருந்தார். வாரத்தில் மூன்று நாள் வந்து, அது ஒட்டினபடி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவார். அதற்கிடையில் நவராத்திரி வந்தது.

வாணி விழாவைப் பதிவகம் ஒருநாளும் தவறவிட்டதில்லை. வள்ளம் பதிய ஆள் இல்லாவிட்டாலும் அவல் பிசைய ஆள் வரும். கடைசி மூன்று நாளும் படிக்கிற புத்தகத்தையும் செய்கிற தொழிலுக்குரிய கருவியையும் கும்பத்தடியில் வைத்துப் பூசை செய்வது வழமை. பதிவகத்தின் கருவி கணினி. ஆகவே அதைத் தூக்கிக்கொண்டுபோய்க் கும்பத்துக்குப் பக்கத்தில் வைத்து, சந்தனம் பூசிக் குங்குமம் வைத்து, நெற்றி மறைய ஒரு செவ்வந்தி மாலையும் போட்டார்கள். அறிவித்தல் மாலைக்குக் கீழே போய்விட்டது. பூசையில் வைத்த பொருளை விசயதசமி வரைக்கும் தொடக் கூடாது. அந்த மூன்று நாளும் பதிவகத்தில் வேலை நடக்கவில்லை என்று சொன்னால் அது அநியாயம், அதற்கு முதல் நாளும் நடக்கவில்லை.

விசயதசமியன்று காலையில் தலைமைக் காரியாலயத்தில் இருந்து ஒரு சீடி வந்து சேர்ந்தது. விண்டோஸ் சீடி. இரண்டு மாதத்துக்கு முதல் அனுப்பிய கடிதத்துக்கு மறுமொழி. பணிப்பாளருக்குப் புல்லரித்தது. ஏடு தொடக்குகிற நாளில் வந்திருக்கிறதென்றால் இது சும்மா வந்ததில்லை என்றார். ஐயர் பணிப்பாளரின் விரலைப் பிடித்துத் தட்டத்தில் பரப்பிய அரிசியில் அகரம் எழுதுவித்து, அதே விரலைப் பிடித்தபடி, சீடி போட்டிருந்த கணினியின் விசையிலும் வைத்து அழுத்தினார்.

தனுசியா முன்னே வந்தாள். "சேர், அந்த அறிவித்தல். பழசை எடுக்க முதல் ஏத்தக் குடாதெண்டு அந்த அண்ணை சொன்னவர்."

"மங்கல காரியத்திலை குறுக்கை கதைக்கிறேல்லை, பிள்ளை."

முக்கால் மணித்தியாலத்தில் கணினி எழும்பியது. நீலத் திரை வந்தது, மணி அடித்தார்கள், தேவாரம் படித்தார்கள், சிலருக்கு உண்மையாகவே கண்ணீர் வந்தது. அதோடு விட்டிருந்தாலும் பாதியாவது தப்பியிருக்கும். ஆனால் வியாழக்கிழமை நடுவர்கள் வருகிறார்கள். வெறுங்கணினியை அவர்களுக்குக் காட்டினால் வேலை நடக்கிற கந்தோர் மாதிரி இருக்காது. ஆகவே பணிப்பாளர் சொன்னபடி எல்லோரும் தங்கள் தங்கள் போனில் இருந்த ஐந்து ஆண்டு வாணி விழாப் படங்களையும், பாட்டுப் போட்டி வீடியோக்களையும், பணிப்பாளர் ஆற்றிய உரைகள் முழுவதையும் அதற்குள் ஏற்றினார்கள். டிஸ்க் நிறைந்து, இனி இடமில்லை என்று அதுவே சொல்லும் வரைக்கும் ஏற்றினார்கள்.

அடுத்த நாள் பஞ்சலிங்கம் போனபோது தனுசியா அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. சீடியோடு தலைமைக் காரியாலயம் அனுப்பிய பதிவு நிரலும் உள்ளே இருந்தது. அவருடைய பெயரை அடித்தாள். அப்பாவின் பெயரை அடித்தாள். ஊரை அடித்தாள். திரை தமிழில் மறுமொழி சொன்னது. வள்ளம் எதுவும் காணப்படவில்லை.

பஞ்சலிங்கம் வெளியே வந்து கொலின்ஸுக்குப் போன் எடுத்தார்.

"என்னத்தை ஏத்தினவை?"

"வாணி விழாப் படம். அஞ்சு வரியத்தது. டிஸ்க் நிறைஞ்சுபோச்சுதாம்."



"அப்ப விடுங்கோ அண்ணை," என்றார் கொலின்ஸ்.

பஞ்சலிங்கம் போனைப் பொக்கற்றுக்குள் வைத்தார். அழவேண்டும் போல இருக்கும் என்று எதிர்பார்த்தார். ஒன்றும் இருக்கவில்லை. பல்லுக்கு ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்கிற மாதிரி நெஞ்சு இருந்தது. திரும்பவும் உள்ளே போனார். பணிப்பாளர் அன்று நல்ல மனநிலையில் இருந்தார்.

"கணினி ஒருநாளும் பொய் சொல்லாது. வள்ளம் இருக்கெண்டு நீங்கள் சொல்லுறீங்கள். அதுக்கு என்ன ஆதாரம்?"

"கரையிலை கிடக்கு, சேர்."

"கரையிலை கிடக்கிறது ஆதாரம் இல்லை. அது நிலைமை. நீங்கள் வள்ளத்தை இஞ்சை கொண்டுவந்து காட்டுங்கோ. நாங்கள் கண்ணாலை பாத்துப் புதுசாப் பதியிறம்."

"ஒன்பது கட்டைத் தூரம், சேர். கடல்வழி இல்லை."

"நாங்கள் ஒவ்வொரு நாளும் வந்துதானே போறம்."

பூரணம் அன்றிரவு சொன்னாள்: "கொண்டுபோகாதேங்கோ. எனக்கு மனம் சரியில்லை." பஞ்சலிங்கம் கேட்கவில்லை. சொன்னதைக் கேட்கிற மனிதர்தான், ஆனால் சீல் இல்லாமல் சொன்னால் அவருக்கும் ஏறாது.

இஞ்சினைக் கழற்றி வைத்துவிட்டு, நாலு பேரைப் பிடித்து, லாண்ட்மாஸ்ரர் உழவு மெசினின் பெட்டியில் வள்ளத்தை ஏற்றிக் கட்டினார். அச்சுவேலி தாண்டி, புத்தூர் தாண்டி, வாழைத் தோட்டங்களுக்கு நடுவால் வள்ளம் போனது. நீர்வேலியில் குலை வெட்டிக்கொண்டு நின்ற ஒருவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு றோட்டுக்கு வந்தார்.

"என்ன அண்ணை, உரும்பிராய்க்குக் கடல் வருதோ?"

"ஓம். கடிதம் வந்திருக்காம்," என்றார் பஞ்சலிங்கம்.

பதிவகத்து வளவில் வள்ளத்தை இறக்கியபோது அலுவலகம் முழுவதும் வெளியே வந்தது. சிலர் தொட்டுப் பார்த்தார்கள். இவ்வளவு பெரிதா என்று ஒருவர் கேட்டார். இருவர் அதற்குள் ஏறிப் படம் எடுத்தார்கள். பணிப்பாளர் அடிமட்டத்தால் அளந்து, பதினெட்டு அடியும் மூன்று அங்குலமும் என்று எழுதினார்.

"நல்லது. வள்ளம் இருக்கு. இதை நான் ஏற்றுக்கொள்ளுறன். இனிக் கலப் பரிசோதகர் ஒருக்கால் பாத்து ஒப்பம் வைக்கவேணும்."

"அவர் எங்கை, சேர்?"

"அந்தப் பதவி எட்டு வரியமா வெற்றிடம். ஆளைப் போட்ட உடனை அவற்றை முதல் வேலை உங்கடை வள்ளம்தான். அதுவரைக்கும் இஞ்சை நிக்கட்டும். பரிசோதனைக்கு வந்த கலத்தை அரைவாசியிலை வெளியிலை விடேலாது."

பற்றுச்சீட்டுக் கேட்டார் பஞ்சலிங்கம். வளவை விட்டு வெளியே போகிற பொருளுக்குத்தான் பற்றுச்சீட்டு, உள்ளே நிற்கிற பொருளுக்கு இல்லை என்றார்கள். அவர் வெறும் பெட்டியில் குந்தியிருந்து ஊர் வந்து சேர்ந்தார்.

வியாழக்கிழமை நடுவர்கள் வந்தார்கள். அவர்கள் வருவதற்கு அரை மணித்தியாலத்துக்கு முன்தான் பணிப்பாளருக்கு உறைத்தது. வளவுக்குள் பெயர் ஒட்டாத பொருள் ஒன்று நிற்கிறது, அதுவும் பதினெட்டு அடி நீளத்துக்கு. தூக்கி வெளியே வைக்க ஆள் இல்லை. இருந்தாலும் விதி விடாது. வளவுக்குள் நிற்கிற பொருளை வளவின் பொருளாகப் பதிந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. தனுசியா மறுத்தாள். அது அந்த ஐயாவின் வள்ளம் என்றாள். "கணினியிலை பார்," என்றார் பணிப்பாளர். அவள் பார்த்தாள். அந்த ஐயாவுக்கு வள்ளம் எதுவும் இல்லை. பொருள், வள்ளம், எண்ணிக்கை, ஒன்று, உரிமை, பதிவகம் என்று அடித்தாள். இடமில்லாத டிஸ்க்கில் எங்கோ ஓர் இடம் பார்த்துக் கணினி அதை ஏற்றுக்கொண்டு, உடனே ஓர் இலக்கமும் கொடுத்தது. வடகரை முழுவதிலும் முறையாகப் பதியப்பட்ட ஒரே வள்ளம் அதுதான்.

திங்கட்கிழமை பஞ்சலிங்கம் படலையடியில் நின்றபடியே அதைக் கண்டார். வள்ளத்தின் இரண்டு பக்கமும் வெள்ளைப் பெயின்றால் பெரிதாக இலக்கம் எழுதியிருந்தது. இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அவருக்குச் சந்தோசம் வந்தது. கால் தன்பாட்டில் ஓடியது. கிட்டப் போனதும்தான், இலக்கத்துக்குக் கீழே "அரச சொத்து" என்றிருந்ததையும், வள்ளத்துக்குள் விளிம்பு வரைக்கும் செம்மண் நிறைந்திருந்ததையும், மண்ணில் செவ்வந்திக் கன்றுகள் வரிசையாக நின்றதையும் கண்டார்.

பணிப்பாளர் வெளியே வந்து அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"மூண்டாம் இடம், பஞ்சலிங்கம். உங்கடை பங்களிப்பை நான் மறைக்கமாட்டன். எங்கடை வரலாற்றிலை முதல் தடவையா நாங்கள் ஒரு வள்ளத்தைப் பதிஞ்சு, இலக்கம் குடுத்து, பாதுகாத்து வைச்சிருக்கிறம். கரையிலை ஆயிரம் வள்ளம் இருக்கலாம். ஒண்டாவது இவ்வளவு துப்பரவா இருக்குதோ? நடுவர்மார்தான் சொன்னவை, உதுக்குள்ளை பூங்கண்டு வைச்சால் இன்னும் வடிவெண்டு."

"நான் தொழிலுக்குக் கொண்டுபோக வேணும், சேர்."

"அரச சொத்தைத் தண்ணியிலை விடுறதுக்கு எனக்கு அதிகாரம் இல்லை. நீங்கள் கவலைப்படாதேங்கோ. வருச முடிவிலை கணக்கெடுப்புச் சபை கூடும். பாவனைக்கு உதவாதெண்டு அவை கண்டால் கழிச்சுவிடுவினம். அப்ப நீங்கள் கேட்டு எடுக்கலாம்."

"அது உதவாதெண்டு எப்பிடிக் காணுவினம்?"

"அதுக்கு நாங்கள் இப்பவே ஒழுங்கு செய்தாச்சு," என்றார் பணிப்பாளர் ஆதரவாக. "வேர் அழுகாமல் தண்ணி வடியிறதுக்கு அடியிலை ஏழு துளை போட்டிருக்கு."

பஞ்சலிங்கம் குனிந்து பார்த்தார். ஏழும் ஒரே அளவில், ஒரே இடைவெளியில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "துளை" என்று எழுதியிருந்தது.

அவர் சத்தம் போடுவார் என்று தனுசியா யன்னலுக்குப் பின்னால் நின்று எதிர்பார்த்தாள். போட்டால் தானும் வெளியே வந்து ஏதாவது சொல்லுவதென்று நினைத்திருந்தாள். அவர் போடவில்லை. அவளும் வரவில்லை.

ஐப்பசியில் வாடை பிடித்தது. கடல் கொந்தளித்து, இலக்கம் உள்ள வள்ளங்களும் கரையில் ஏறிக்கிடந்தன. பூரணம் இருந்த ஒரு சோடிக் காப்பைக் கழற்றி அடகு வைத்துச் சமைத்தாள். மழை விட்டிருந்த ஒரு கிழமையில் பதிவகத்தில் இருந்து கடிதம் வந்தது. அலுவலகப் பூந்தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்ற நாட்கூலிக்கு அமயத் தொழிலாளி ஒருவர் தேவை, வள்ளத்தில் அனுபவம் உள்ளவருக்கு முன்னுரிமை. விண்ணப்பித்தவர் ஒருவர்தான்.

முதல்நாள் காலை எட்டரைக்கே பஞ்சலிங்கம் போய் ஒப்பம் வைத்தார். நெஞ்சில் பெயர் ஒட்டினார்கள். கிணற்றில் வாளியை நிரப்பிக்கொண்டு வள்ளத்தடிக்கு வந்து, பழகின காலைப் பழகின இடத்தில் வைத்து ஏறி நின்றார். இருபது வருசம் அந்த வள்ளத்துக்குள் நின்று அவர் தண்ணீரோடு செய்தது ஒரே ஒரு வேலைதான், வந்ததை அள்ளி வெளியே ஊற்றுவது. கை அவரைக் கேட்கவில்லை. வாளியைச் சரித்து, விளிம்புக்கு மேலால் வெளியே ஊற்றியது. வளவு நிலம் நனைந்தது.

இரண்டாம் வாளியும் வெளியேதான் போனது.

தனுசியா யன்னலைத் திறந்தாள்.

"ஐயா, உள்ளுக்கை ஊத்தவேணும்."

"ஓம், பிள்ளை," என்றார் பஞ்சலிங்கம். இறங்கிப் போய் இன்னொரு வாளி கொண்டுவந்து, உள்ளே ஊற்றினார்.